அதனதன் புஷ்ஷோடு ஐந்து பேனா கிட்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் வேளைக்குச் சாப்பிட்டு நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேரனும் எங்களைவிட ஒரு படி மேலாகவே இருக்க வேண்டும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். உன் அண்ணன் மகள், நம் வாயாடி, நர்ஸ் படிப்பில் மொத்த வகுப்புக்கும் முதலாவதாக வந்திருக்கிறாள், மேடையில் அவள் பெயரைக் கூப்பிட்டபோது நான்தான் முதலில் கை தட்டினேன், பக்கத்தில் இருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தாள், பார்க்கட்டும். அவள் தம்பி நெட்டையனுக்கு வீட்டு வரைபடம் போடுகிற ஆபீசில் வேலை கிடைத்துவிட்டது, மூன்றாம் நாளே இவன் போட்ட மாடிப்படியைப் பார்த்து முதலாளி ஒரு கோட்டையும் திருத்தாமல் கையெழுத்துப் போட்டாராம். உன் மகன் நீச்சலில் வாங்கிய பதக்கத்தைப் பற்றி நீ எழுதியதைத் தபால்காரருக்கே நின்று படித்துக் காட்டினேன். அவர், 'பாட்டிம்மா, போன மாசமும் இதையேதான் படிச்சீங்க' என்றார். நல்ல சேதியை இரண்டு தரம் கேட்டால் காது தேய்ந்துவிடுமா என்றேன். ஐந்தாவதோடு நின்ற எனக்கு இப்படி மூன்று பேரப்பிள்ளைகள், வேறென்ன வேண்டும்.

வேண்டும் அம்மா, ஒன்று வேண்டும், அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்ல முடியாது, போனை எடுத்தால் உன் அண்ணன் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்துவிடுகிறான். இதைப் படித்துவிட்டு உனக்குள்ளேயே வைத்துக்கொள். அண்ணன் பின்கட்டு அறையில் லேத்தில் மரப்பேனா கடைகிறான் என்பது உனக்குத் தெரியும், அதில் உலோகச் சாமான் எல்லாம் கிட் என்று பாக்கெட்டில் வருகிறது, முனை, கிளிப்பு, உள்ளே போகிற பித்தளைக் குழாய் எல்லாம் அதில் இருக்கும், மரம் மட்டும்தான் இவனுடையது. லேத்தில் மாட்டும்போது மரத்துக்கு இரண்டு பக்கமும் புஷ் என்று இரும்பு வளையம் போடுவான். மரம் அந்த வளையத்தின் கனத்துக்கு இறங்கினதும் உளியை எடுத்துவிட வேண்டும், அப்போதுதான் மரமும் உலோகமும் சேருகிற இடம் வழவழவென்று இருக்கும். ஒவ்வொரு வகைக் கிட்டுக்கும் அதன் புஷ்தான் சேரும், பார்க்க ஒன்றுபோலவே இருந்தாலும் மயிரிழை வித்தியாசம். போன வருஷம் நீ அனுப்பினது நல்ல கிட். பிறகு ஒரு வியாபாரி வந்து மூட்டையாகக் கொடுத்துவிட்டுப் போனான், அது மட்டம், ஒரு மாதத்தில் முலாம் உரிந்து விரலில் கறுப்பாக ஒட்டுகிறது. அதற்கும் தனிப் புஷ் இருந்தது.

மழையில் அந்த அறைக்கூரை ஒழுகியபோது நான் எல்லாவற்றையும் ஒதுக்கிச் சுத்தம் செய்தேன். என் கை சும்மா இருக்குமா. இரண்டு டப்பாவில் இருந்த புஷ்ஷையும் ஒன்றாகக் கொட்டி எண்ணெய் போட்டுத் துடைத்து, எது எந்தக் கிட்டுக்கு என்று பார்க்காமல், பளபளப்பானதை ஒரு டப்பாவிலும் கறுத்ததை ஒரு டப்பாவிலும் போட்டு அலமாரியில் வைத்தேன். அவனிடம் சொல்லவில்லை, பெரிய வேலை செய்துவிட்டதாக நினைப்பு. அதற்குப் பிறகுதான் பேனா கெட ஆரம்பித்தது. நூலகத்து அம்மாள் தன்னிடம் வேலை பார்க்கிறவர்களுக்குக் கொடுக்க முப்பது பேனா கேட்டிருக்கிறாள், இவன் செய்ததில் பத்தொன்பது வீணாகிவிட்டது. மரமும் உலோகமும் சேருகிற இடத்தில் நகம் தட்டுகிறது. ஒன்று சரியாக வரும், அடுத்தது கோணும். தேய்த்துத் தேய்த்துச் சரிபண்ணப் பார்க்கிறான், உன் அண்ணி எட்டிப் பார்த்து, 'பேனா செய்யறீங்களா, தீக்குச்சி செய்யறீங்களா' என்று கேட்டுவிட்டுப் போனாள். இவன் தன் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

போன வாரம் டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். அவன் குடித்துவிட்டுக் கோப்பையைத் தட்டில் வைக்கும்போது கடகடவென்று ஒரு சத்தம். லேத் ஓடவில்லை. அவன் என்னைப் பார்க்காமலே, 'அம்மா, அப்பாவுக்கு எத்தனை வயசுல ஆரம்பிச்சது?' என்று கேட்டான். அறுபதைத் தாண்டித்தான் என்று சொல்லிவிட்டேன். பொய். உங்கள் அப்பாவுக்கு ஐம்பத்திரண்டு. அண்ணனுக்கு ஐம்பத்தொன்று முடியப்போகிறது.

உனக்கு அப்போது விவரம் தெரியாது. அப்பாவுக்குக் கை நடுக்கம் வந்தபோது முதலில் ஊசியில் நூல் நுழையவில்லை. அத்தனை வருஷம் தையல் மெஷினில் உட்கார்ந்த மனுஷர், ஊசி சரியில்லை என்று புது ஊசி வாங்கினார். பிறகு வெளிச்சம் போதவில்லை என்று மெஷினை ஜன்னலோரம் இழுத்துப் போட்டார். பிறகு கண்ணாடியை மாற்றினார். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம் என்று நான் வேறு சிரித்தேன். அவர் கையை விட்டுவிட்டு ஊசியைக் குற்றம் சொன்னார். இவன் புஷ்ஷை விட்டுவிட்டுக் கையைக் குற்றம் சொல்கிறான். எது நிஜம் என்று எனக்குத் தெரியவில்லை.

அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்பாய். வாசல்வரை இரண்டு தரம் போய்விட்டுத் திரும்பினேன். சொன்னால் துள்ளி எழுந்து புஷ்ஷை மாற்றிப் போடுவான், அப்புறமும் பேனா கோணினால் என்ன செய்வான். நான் வாயைத் திறக்காதவரை அவனுக்கு ஒரு சாக்கு பாக்கி இருக்கிறது, அவனுக்கே தெரியாமல். அவன் வெளியே போயிருந்தபோது நானே பிரித்துப் பார்த்தேன், ஒவ்வொன்றையும் பேனா முனையோடு சேர்த்து நகத்தால் தடவினேன், நாலு ஜோடி சேர்ந்த மாதிரி இருந்தது, மறுபடி தடவினால் சேராத மாதிரியும் இருந்தது, என் விரலை நம்பி என் பிள்ளையைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது. அண்ணிக்குத் தெரியாமல் நரம்பு டாக்டரிடம் பெயர் பதிந்திருக்கிறான், அடுத்த மாதம் முதல் புதன்கிழமை. சீட்டைச் சட்டைப்பையில் பார்த்தேன்.

அதனால் நீ இந்த வாரமே கடைக்குப் போய் ஐந்து கிட் வாங்கி அனுப்பு. ஒன்று கோணினால் தற்செயல் என்று சொல்லிக்கொள்ளலாம், ஐந்தும் பொய் சொல்லாது. மூட்டையாக விற்பதைத் தொடாதே. கடைக்காரரைப் பிரித்துக் காட்டச் சொல், பித்தளைக் குழாயை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார், ஒட்டுப்போட்ட கோடு தெரியக் கூடாது. மூடியைப் பத்துத் தரம் திருகிக் கழற்று, மரை எங்கேயும் கடிக்கக் கூடாது. ரீஃபிலைப் போட்டு முனையை வெளியே திருகு, எழுதும்போது உள்ளே போகாமல் நிற்க வேண்டும். முலாம் எல்லாத் துண்டிலும் ஒரே நிறமாக இருக்கிறதா பார், துணியால் அழுத்தித் துடைத்துப் பார். எல்லாவற்றையும்விட, அந்தக் கிட்டுக்கு உண்டான புஷ்ஷைக் கையோடு வாங்கு. 'எல்லாத்துக்கும் ஒரே புஷ்தாம்மா' என்று கடைக்காரர் சொன்னால் அந்தக் கடையை விட்டே இறங்கிவிடு. புஷ்ஷை அதே பாக்கெட்டில் போட்டு ஒட்டி, மேலே அண்ணன் பெயரை எழுது, நான் பிரிக்கமாட்டேன், சத்தியம். ஐந்தும் நன்றாக வந்தால் அன்றைக்கே அவன் காலடியில் இரண்டு டப்பாவையும் கொட்டி நான் செய்ததைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்வேன், அவன் கத்துவதைக் கேட்க எனக்கு ஆசையாக இருக்கிறது. வராவிட்டாலும் சொல்லிவிட்டு, புதன்கிழமை நானும் கூடப் போவேன். தனியாக விடமாட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையை வேலை வேலை என்று அலைய விடாதே. நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நூறு வயது இருக்க வேண்டும். கிட்டோடு புதிதாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் போடு, போனில் வருவது வேண்டாம், எனக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். போன தடவை நீ கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தாய். இந்தத் தடவை முன்னால் வைத்துக்கொள், ஒரு தம்ளரையாவது பிடித்துக்கொண்டு நில். உனக்கும் நாற்பத்தெட்டு ஆகிறது. முகமெல்லாம் தெளிவாக விழுந்து கை மட்டும் மங்கலாக விழுந்திருந்தால், நன்றாக இல்லை என்று எடுத்து வைத்துவிடாதே அம்மா, அதையே அனுப்பு.

ஆசீர்வாதத்தோடு,
உன் அம்மா