ஏட்டையா அழுத பயிற்சியும் பதியப்படாத என் மகளின் புகாரும்

அனுப்புநர்:
பெ. சோலைச்சாமி (வயது 71),
கீழப்பொட்டல்பட்டி,
விருதுநகர் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
விருதுநகர்.

பொருள்: பாலியல் வன்முறைப் புகார் தருவோரிடம் நடந்துகொள்ளும் முறை பற்றிய காவலர் பயிற்சி சிறப்பாக நடந்தது – என் மகளின் புகார் இன்னும் பதியப்படவில்லை – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்தச் சித்திரையில் முதியோர் எழுத்தறிவுத் தேர்வில் தேறினேன். என் கையால் எழுதும் முதல் மனு இது. மெதுவாகத்தான் எழுதுகிறேன். தாங்களும் மெதுவாகப் படிக்க வேண்டுகிறேன்.

1. பட்டாசுக் கம்பெனிக்கு ஆள் ஏற்றும் வேனின் ஓட்டுநர் ஆடி மாதம் என் மகளைப் பலவந்தம் செய்தான். நான் எழுதப் பழகிய இரண்டாவது சொல் அவள் பெயர். அதை வெளியிடக் கூடாது என்று எழுத்தறிவு வகுப்பாசிரியை அழகுமீனா சொன்னதால் இங்கே எழுதவில்லை. காவல் நிலையத்தில் அதை டீக்கடை வரை கேட்கும்படி கூப்பிட்டார்கள்.

2. நிலையத்தில் வாசல் காவலர், ரைட்டர், ஏட்டையா ராக்கப்பன் என ஒவ்வொருவரிடமும் அவள் முதலிலிருந்து சொன்னாள். “கடைசி ஆளா வேன்ல ஏன் இருந்த? என்ன உடுத்தியிருந்த? ஏன் சத்தம் போடல?” என்று ஏட்டையா கேட்டார். இருக்கன்குடி கோயில் திருவிழா பந்தோபஸ்து முடியட்டும் என்றார்கள். முடிந்தது. இப்போது தீபாவளி சீசன் முடியட்டும் என்கிறார்கள்.

3. சென்ற செவ்வாய்க்கிழமை அங்கே பெஞ்சில் காத்திருந்தேன். மாடியில் மதுரையிலிருந்து வந்த அம்மையார் ஒருவர் பயிற்சி நடத்தினார். ஏட்டையா புகார் தரும் பெண்ணாக நடிக்க வேண்டும். மற்றவர்கள் பட்டாசுக் கடைச் சோதனைக்குப் போய்விட்டதால் விசாரிக்கும் அதிகாரியாக நடிக்க ஆள் இல்லை. “பெருசு, சும்மாதான உக்காந்திருக்கீக, மேல வாங்க” என்று என்னை அழைத்துப் போய் அதிகாரி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். நல்ல நாற்காலி.

4. எனக்கு வேறு கேள்வி தெரியாது. என் மகளிடம் கேட்டதையே கேட்டேன். மறுபடியும் முதலிலிருந்து சொல்லச் சொன்னேன். ஏட்டையா ஆறடி உயரம், பெரிய மீசை. “யோவ், நடிக்கிற எனக்கே முடியல, எத்தன வாட்டிய்யா சொல்றது?” என்று அழுதுவிட்டார்.

5. பயிற்சி முடிந்து, சோதனைக்குப் போனவர்கள் திரும்பியதும், நான் மன உளைச்சல் தந்ததாக என்மேல் நிஜமாகவே புகார் கொடுத்தார். அறைக் கதவைச் சாத்தி, மின்விசிறி போட்டு, சோடா கொடுத்து, பெண் காவலர் ஒருவர் மட்டும் உட்கார்ந்து ஒரே முறை கேட்டு எழுதிக்கொண்டார். ஏட்டையா திணறியபோது, “அவசரமில்லண்ணே, மெதுவாச் சொல்லுங்க” என்று காத்திருந்தார். என்ன உடுத்தியிருந்தீர்கள் என்று கேட்கவே இல்லை; ஜன்னலோரம் நின்ற எனக்கு எல்லாம் கேட்டது. அன்றே ரசீது. நகலில் எதிர்மனுதாரர் என்று என் பெயர் இருந்தது. எழுத்துக்கூட்டி நானே படித்தேன். பத்திரமாக வைத்திருக்கிறேன்.

6. ஆக, அங்கே எல்லோருக்கும் முறை தெரிந்திருக்கிறது. இந்தப் பயிற்சியை மாவட்டம் முழுவதும் நடத்தி, ஒவ்வொருவரையும் ஏட்டையா இருந்த இடத்தில் ஒரு தடவையாவது உட்கார வைக்க வேண்டுகிறேன். அதிகாரியாக நடிக்க எந்த ஊருக்கும் பஸ் ஏறி வருவேன்.

7. அதற்கு முன், அதே அறையில், அதே பெண் காவலர், என் மகள் சொல்வதை ஒரே முறை கேட்டுப் பதிய உத்தரவிட வேண்டும். ஏட்டையா நடித்தார், ரசீது கிடைத்தது. என் மகள் நடிக்கவில்லை ஐயா.

இடம்: கீழப்பொட்டல்பட்டி
நாள்: 09.09.2025

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
பெ. சோலைச்சாமி
(கைநாட்டு அல்ல, கையெழுத்து)