அக்கா தவறிவிட்டார் என்று எழுதினேன்

என்மேல் எரிந்து விழுவதற்கென்றே முன்னால் பிறந்த என் அன்பு அக்காவுக்கு,

உனக்கு நான்கு கடிதங்கள் வந்திருக்கின்றன. நான்கும் ஒரே ஆளிடமிருந்து, ஒரே விஷயத்துக்காக. நீ பதில் போடவில்லையே என்று அவர் கவலைப்பட்டார். நீ போய் ஏழு மாதம் ஆகிறது என்று அப்போது அவருக்குத் தெரியாது. தெரியாமல் போனதற்குக் காரணம் நான்தான். நீ இருந்த தமிழ்க் கணினிக் குழுவில் எல்லோரும் படிக்கும்படியே இதை எழுதுகிறேன். நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள் என்று கேலி செய்வாயே, எழுத்திலாவது திறந்து பார்க்கிறேன்.

முதலில் உன் பேக்கேஜ். டைப்ரைட்டிங் படித்தவர்கள் அதே பழக்கத்தில் கம்ப்யூட்டரிலும் தமிழ் அடிக்க நீ எழுதிய அந்தச் சின்ன நிரல். அந்த முறையில் கொம்பை முதலில் அடிப்பார்கள், எழுத்து பிறகுதான். உன் நிரல் கொம்பைப் பிடித்து வைத்துக்கொண்டு, எழுத்து வந்ததும் சேர்த்துவிடும். நாம் பயன்படுத்தும் இலவச சிஸ்டத்தின் புதுப் பதிப்பு வந்த நாளிலிருந்து அது எதையும் பிடித்து வைப்பதில்லை. கொம்பு ஒரு புள்ளி வட்டத்தோடு தனியாக நிற்கிறது.

ஜமுனாமரத்தூர் கம்ப்யூட்டர் சென்டரில் உன் நாற்காலியில் இப்போது நான்தான் உட்கார்ந்து மனு அடிக்கிறேன். போன மாதம் பட்டா மனு அடிக்க கொளஞ்சி மாமா வந்தார். காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இன்னா பாப்பா, என் பேர்ல முட்டை வுட்டுக்கீது?"

"முட்டை இல்ல மாமா. கொம்பு ஒடஞ்சி போச்சி."

"கொம்பு ஒடஞ்ச மாட்டையே சந்தையில எவனும் வாங்க மாட்டான். இத்த எடுத்துனு போயி தாசில்தார்கிட்ட நீட்டச் சொல்றியா?"

சென்டரில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். சென்டர் வைத்திருக்கும் குமரேசன் அண்ணனும் சிரித்தார். நான் பேனாவால் மனுவைத் திரும்ப எழுதிக் கொடுத்தேன். முகத்தை நிமிர்த்தவே இல்லை.

அதற்கப்புறம் உன் நிரலைத் திறந்தேன். நீ எனக்கு எதையும் சொல்லிக் கொடுத்ததில்லை. கேட்டால், "உனக்கு எதுக்கு இது, போய் மாட்டுக்குத் தண்ணி காட்டு" என்பாய். ஆனால் நீ திட்டிக்கொண்டே வேலை செய்வாயே, எதைத் திட்டுகிறாய் என்று பின்னால் நின்று பார்த்துப் பார்த்தே பாதி தெரிந்துகொண்டேன். பிழை எங்கே என்று கண்டுபிடிக்க எனக்கு ஒன்பது நாள் ஆனது. அந்த இடத்துக்கு மேலே நீ ஒரு குறிப்பு வைத்திருக்கிறாய்: 'இது ஏன் வேலை செய்கிறது என்று தெரியவில்லை. தொடாதே.' இதை எழுதும்போது யாரை நினைத்தாய் அக்கா? இந்த வீட்டில் உன் பொருளைத் தொடுகிற ஆள் ஒருத்திதானே?

தொட்டேன். இரண்டே வரி. கொம்பு சேர்ந்துவிட்டது.

சேர்ந்தது சென்டர் கம்ப்யூட்டரில் மட்டும். அடுத்த அப்டேட் வந்ததும் திரும்பவும் உடைந்தது. எங்கேயோ இலங்கையிலிருந்து ஒருவர், மலைக்குக் கீழே கலசப்பாக்கத்திலிருந்து ஒருவர், இதே பிழையை உன் பேக்கேஜின் இணையப் பக்கத்தில் புகாராக எழுதிப் போட்டிருக்கிறார்கள். உன்னிடமிருந்து பதில் இல்லை என்று அதற்குக் கீழே வேறு சிலர் கோபமாக எழுதியிருக்கிறார்கள். எல்லோருக்கும் போய்ச் சேர வேண்டுமென்றால் பேக்கேஜின் பொறுப்பாளர்தான் மாற்ற வேண்டும். அந்த இடத்தில் உன் பெயர் இருக்கிறது. இப்படியே கிடந்தால் அடுத்த பதிப்பில் தூக்கிவிடுவோம் என்று ஒரு அறிவிப்பும் இருந்தது.

பொறுப்பை வேறொருவர் எடுத்துக்கொள்ள விதி உண்டு. பழைய பொறுப்பாளரிடம் கேட்க வேண்டும், அவர் சரி என்றால் போதும். பதில் இல்லையென்றால் அந்த சிஸ்டத்தின் பொறுப்புக் குழுவினர் அவருக்கு வாரம் ஒருமுறை எழுதிக் கேட்டு, காத்திருந்து, பிறகு கூடிப் பேசி முடிவு செய்வார்கள். எல்லோரும் சம்பளம் இல்லாமல், சொந்த நேரத்தில் செய்கிறவர்கள். அடுத்தவர் உழைப்பைப் பிடுங்கிவிடக் கூடாது என்பதற்காக வைத்த விதி. நல்ல விதிதான். ஆனால் பழைய பொறுப்பாளரிடம் நான் எங்கே போய்க் கேட்பேன்?

அவர்களுடைய பொது மின்னஞ்சல் பட்டியலுக்கு எழுதினேன். பெயர் தெரியாத எத்தனையோ பேர் படிக்கிற இடம். ஒன்பதாம் வகுப்பில் எழுந்து நின்று பாடம் படிக்கச் சொன்னதற்காகவே பள்ளிக்கூடம் போவதை நிறுத்தியவள் நான். தமிழில் எழுதி, மொழிபெயர்ப்பில் போட்டு, வந்த ஆங்கிலத்தை அப்படியே அனுப்பினேன். முதல் வரி இதுதான்: 'என் அக்கா தவறிவிட்டார்.'

நம் வீட்டில் வேறெப்படிச் சொல்வோம்? அம்மா அந்த வார்த்தையையே பாதியில் நிறுத்திவிடுகிறாள்.

பொறுப்புக் குழுவில் ஒருவர் மறுநாளே பதில் எழுதினார். அதைத் தமிழாக்கிப் படித்தேன். 'பரவாயில்லை. தவறு எல்லோருக்கும் நேர்வதுதான். அவர்மேல் கோபப்படாதீர்கள். நேரம் கிடைக்கும்போது எங்களுக்கு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.'

கோபப்படாதீர்கள் என்ற இடத்தில் அழுதுவிட்டேன் அக்கா. எனக்கு உன்மேல் கோபம் என்று கடல் தாண்டி இருக்கிற மனிதருக்கு எப்படித் தெரிந்தது? மஞ்சள் காமாலையில் பதினோரு நாள் படுத்திருந்தாய். அதில் ஒரு நாள்கூட பாஸ்வேர்டு பற்றியோ இந்த பேக்கேஜ் பற்றியோ ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்துவிடுவோம் என்று அவ்வளவு நம்பினாயா? எழுதச் சொல்லுங்கள் என்ற கடைசி வரியை ஏதோ அவர்கள் ஊர் வழக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து உன் போனைத் திறந்து, வாரம் ஒன்றாக வந்திருந்த நான்கு கடிதங்களில் கடைசியைப் படித்தபோதுதான் விளங்கியது. அதில் உன்னிடமே கேட்டிருந்தார்: 'உங்கள் தங்கை உங்கள் தவறு பற்றி எழுதியிருந்தார். நாங்கள் யாரும் உங்களைக் குறை சொல்லவில்லை. தயங்காமல் பதில் எழுதுங்கள்.'

மூன்று வாரம்! பிழை செய்துவிட்டு வெட்கப்பட்டு ஒளிந்திருக்கிறாய் என்று ஒரு பட்டியல் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தது. நீ! தப்பு செய்தால்கூட அடுத்தவர்மேல் போட்டுச் சண்டை பிடிப்பவள்!

குமரேசன் அண்ணனிடம் சொன்னேன். "இதுக்குப் போயி ஏன்மா மொகத்த தொங்கப் போட்டுனு கீற? உங்க அக்கா போனு வூட்லதான கீது? அதுலேர்ந்து சரின்னு ஒரு வரி தட்டிவுடு. செத்தவங்க இன்னா கேஸா போடப் போறாங்க?"

செத்தவங்க என்று உன்னை என் முகத்துக்கு நேராகச் சொன்ன முதல் ஆள் அவர். பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

ஆனாலும் வீட்டுக்குப் போனதும் உன் போனைக் கையில் எடுத்தேன். அம்மா அதை இன்னும் தினமும் சார்ஜ் போட்டு வைக்கிறாள். உன் பெயரில் 'சரி' என்று அடித்தேன். அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. அதற்கு மேலே நீ முன்பு அனுப்பிய பதில்கள் இருந்தன. ஒவ்வொன்றும் முழ நீளம். எதிலும் ஒரு குத்தல், ஒரு கேள்வி. யாருக்கும் எதற்கும் நீ ஒரே வார்த்தையில் சரி சொன்னதே இல்லை. உன்னைத் தெரிந்த எவரும் அதை நம்பமாட்டார்கள். அடித்ததை அழித்தேன்.

அம்மா பக்கத்தில் வந்து நின்றாள். "யாருடி அது, அவளுக்கு எழுதிக்கினே கீறது?"

"அக்கா தப்பு பண்ணிட்டான்னு நெனச்சிக்கினு கீறாரும்மா. தவறிட்டான்னு எழுதினேன், அவங்களுக்குப் புரியல."

அம்மா சார்ஜர் ஒயரைச் சுருட்டி வைத்தாள். பிறகு, "அப்போ புரியற மாதிரி எழுது. எம்பொண்ணு இன்னா தப்பு பண்ணா?" என்று கேட்டுவிட்டு மாட்டைப் பிடித்துக் கட்டப் போய்விட்டாள்.

என் பெயரில், என் முகவரியிலிருந்து எழுதினேன். 'என் அக்கா இறந்துவிட்டாள்.' ஆங்கிலத்தில் நாலு வார்த்தை வந்தது. நாலையும் யார் உதவியும் இல்லாமல், எழுத்துக் கூட்டாமல் படிக்க முடிந்தது. அதனாலேயே அனுப்ப மனசு வரவில்லை. அனுப்பினேன்.

அதன்பிறகு இரண்டே நாள். அவர் மன்னிப்புக் கேட்டார். உன்னோடு சண்டை போட்ட இரண்டு பேர், அந்தச் சண்டையில் உன் பக்கம்தான் நியாயம் என்று இப்போது எழுதியிருக்கிறார்கள். இதை முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தால் ஒரு வாரமாவது தலைகால் தெரியாமல் ஆடியிருப்பாய். படிக்கப் படிக்க எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

பொறுப்பை எனக்கே கொடுத்துவிட்டார்கள். பொறுப்பாளர் வரியில் உன் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போடச் சொன்னார்கள். இவ்வளவு நாள் இதற்குத்தான் காத்திருந்தேன் என்று நினைத்தேன். அந்த வரியில் உன் பெயரின்மேல் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாக அழிப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. இதை எழுதியவர் யார் என்று சொல்லும் கோப்பில் நீ அப்படியே இருக்கிறாய். அந்த இடத்தை யாரும் தொட முடியாது. திருத்திய பதிப்பு இன்று காலை வெளியே போய்விட்டது.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நான் உன்னைப் போல் தனியாக வைத்துக்கொள்ள மாட்டேன். கலசப்பாக்கத்திலிருந்து புகார் எழுதியவருக்கு, என் கூட இன்னொரு பொறுப்பாளராகச் சேருகிறீர்களா என்று எழுதிக் கேட்டிருக்கிறேன். எனக்கு முடியாமல் போகிற நாளில், ஏன் முடியவில்லை, எது எங்கே இருக்கிறது என்று யாருக்கும் புரிகிற வார்த்தையில் எழுதி வைத்துவிட்டுத்தான் நகர்வேன். எனக்குப் பின்னால் வருகிற யாரும் என்னைப் போல நின்று பதில் தேட வேண்டியிருக்காது.

கோபம் இன்னும் தீரவில்லை. தீர்ந்ததும் எழுதுகிறேன் என்று பொய் சொல்ல மாட்டேன்.

உன் கூடப் பிறந்தவள்,
உன் பொருளைத் தொட்டவள்,
தங்கச்சி மலர்