சட்டை போட்ட பயறு

ஜூன் 3

சிட்டுவின் அப்பாவுக்கு,

நலம்தானே? இரண்டு வருடம் கழித்து எழுதுகிறேன், பதற வேண்டாம். இத்துடன் நாற்பது தட்டைப்பயறு விதைகள் இருக்கின்றன. ஒவ்வொரு விதையும் பாதி சிவப்பு, பாதி வெள்ளை. "சட்டை போட்ட பயறும்மா" என்று நம் மகள் பொறுக்கிச் சேர்த்தவை. டப்பாவில் இன்னும் இருபத்துநாலு வைத்திருக்கிறேன்.

விதை பழசாகிவிட்டது. மண்புழு உரத்தைக் கரைத்து வடித்த நீரில் நாலு மணி நேரம் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி ஊன்றுங்கள். தொழுவுரம் நன்றாக மட்கியிருக்க வேண்டும். குவியலுக்குள் கையை விட்டால் சுடக்கூடாது. சுட்டால் விதை வெந்து அழுகிவிடும். புதுக் குவியல் என்றால் மூன்று மாதம் பொறுங்கள்.

இன்னொன்று. நான் பயிற்சிக்குப் போயிருந்தபோது, "சிட்டுவுக்குக் காய்ச்சல் விட்டுடுச்சு, நீ நிம்மதியா இரு" என்றீர்கள். நான் வந்து சேர்ந்தபோது அவள் கண் திறக்கவில்லை, அதன்பின் திறக்கவே இல்லை. அதனால்தான் கேட்கிறேன், இந்த முறை உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். காய் பறிக்க நானும் வரலாமா என்று யோசிக்கிறேன்.

இப்படிக்கு,
சிட்டுவின் அம்மா

ஜூன் 22

விதை ஆய்வகத்து மகாராணிக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் தபால்காரருக்கே டீ போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை போட மறந்துவிட்டேன். பாவம், மனுஷன் மூச்சு விடாமல் குடித்தார்.

கடிதம் கிடைத்த அன்றே சாணமும் சருகும் குவித்து, ஈரச் சாக்கால் மூடினேன். பத்தே நாளில் மட்கிவிட்டது! ஊன்றிய நாலாம் நாள் நாற்பதுக்கு நாற்பதும் முளைத்துவிட்டன. வாசல் அறைக்கு வெள்ளையடித்திருக்கிறேன். இரண்டு வருடமாக என் சமையலை நானே சாப்பிடுகிறேன், அந்தத் தண்டனை போதாதா? வா.

உன்,
அவர்

ஜூலை 5

அன்புள்ள உங்களுக்கு,

நாற்பதும் முளைத்தன என்ற வரியைப் பத்துத் தடவை படித்தேன். ஆய்வகத்தில் அழக்கூடாதென்று கழிப்பறைக்குப் போய் அழுதேன். பத்து நாளில் மட்கிவிட்டதா என்று மனசு ஒரு ஓரமாகக் கேட்டது. சும்மா இரு என்று அதட்டி வைத்தேன்.

செப்டம்பர் கடைசியில் ஒரு மாத விடுப்புக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒரு மாதம் என்பது பேச்சுக்குத்தான். முதல் காய் காய்ந்ததும் எனக்கு ஒன்று அனுப்புங்கள். வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்காதீர்கள்.

உங்கள்,
நான்

செப்டம்பர் 3

என் மகாராணிக்கு,

இதோ முதல் காய். உரித்துப் பார்த்துவிட்டு ஆச்சரியப்படாதே. இந்த முறை விதை முழுக்கச் சிவப்பாகவே வந்திருக்கிறது. மண் மாறினால் நிறமும் மாறும் போலிருக்கிறது. எந்த வண்டிக்கு வருகிறாய்? நிலையத்தில் நிற்கிறேன்.

உன்,
அவர்

செப்டம்பர் 18

சிட்டுவின் அப்பாவுக்கு,

நாள் முழுக்க விதையைப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவளிடம், மண் மாறினால் நிறம் மாறும் என்கிறீர்கள். இது கடை விதை.

உங்களைத் திட்ட மனம் வரவில்லை. நான் சீக்கிரம் வரவேண்டுமென்று அவசரப்பட்டிருக்கிறீர்கள். சூடான உரத்தில் போட்டு நாற்பதும் அழுகியிருக்கும். எனக்கு வலிக்கக்கூடாதென்று மறைத்தீர்கள். அன்றைக்கும் அதற்காகத்தான் மறைத்தீர்கள். அது எனக்கு எப்போதோ தெரியும். ஆனால் உங்கள் பக்கத்தில் இருந்தால், எது நடந்தாலும் எனக்குக் கடைசியில்தான் தெரியவரும். அந்தப் பயத்தோடு என்னால் குடும்பம் நடத்த முடியாது.

ஒன்றும் முளைக்கவில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தால், அன்றே கிளம்பி வந்திருப்பேன். அழுகிய விதைகளைத் தோண்டி எடுத்து, இரண்டு பேருமாக உட்கார்ந்து அழுதிருக்கலாம். அவளுக்காக நாம் சேர்ந்து அழுததே இல்லை.

விடுப்பு மனுவைத் திரும்ப வாங்கிவிட்டேன். நிலையத்துக்குப் போகாதீர்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

என்னிடமிருந்த இருபத்துநாலையும் ஈரத்தாளில் சுருட்டி வைத்தேன். இன்று எட்டாம் நாள், எண்ணிவிட்டேன். மூன்று முளைத்திருக்கின்றன. மூன்றுதான்.

இப்படிக்கு,
சிட்டுவின் அம்மா