வளையல் பதித்த மடக்குக் கத்தி

ஜூலை 3, வியாழன்

காலையிலிருந்து மூடுபனி. தூறல். கத்திப் பிடிக்கு ஊற்றிய ரெசின் பிசின் இறுகவில்லை, தொட்டால் விரல் ஒட்டுகிறது. கூடையைக் கவிழ்த்து உள்ளே குண்டு பல்பு போட்டிருக்கிறேன். கரண்ட் போகாமல் இருந்தால் சரி.

பொழுதுபோக்காகச் செய்யும் கத்திப் பிடிகளில் இதுவரை பதித்துப் பார்த்தவை: காப்பிக்கொட்டை (ஒரே காற்றுக் குமிழி). மிளகு (உதிர்ந்துவிட்டது). கொட்டாங்குச்சி நன்று. பித்தளைச் சாவி நன்று, ஆனால் கனம்.

ஆஸ்பத்திரியில் காய்ச்சல் சிரப் தீர்ந்தது. நாளை எழுதி அனுப்ப வேண்டும்.

நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரர், பக்கத்து வீட்டு ராசப்பன் தன் மடக்குக் கத்தியைக் கொடுத்திருக்கிறார். பிளாஸ்டிக் பிடி பிளந்துவிட்டது. அலகு நல்ல அலகு. வைரம் பாய்ந்த பலாக்கட்டையில் புதுப் பிடி போட்டு, நடுவில் ஏதாவது பதிக்க வேண்டுமாம். “சோளக்காட்டுச் சந்தையில எடுத்தா நாலு பேரு கேக்கோணுமுங்க, மருந்தம்மா.” ஆஸ்பத்திரி ஜன்னலில் மருந்து கொடுக்கிறவள் என்பதால் இந்த ஊரில் எனக்கு அதுதான் பெயர். மெர்சி என்று கூப்பிட ஆளில்லை.

மாலையில் அவர் மனைவி காளியம்மா வந்தாள். கொட்டாங்குச்சி நிறைய உடைந்த கண்ணாடி வளையல்.

“இதப் பதிச்சா நல்லாருக்குமாங்கக்கா?”

“எங்கே பிடிச்சே இத்தனை?”

“எங்கூட்ல இதுக்குப் பஞ்சமே இல்லீங்க.” சிரித்தாள். நானும் சிரித்தேன்.

ஜூலை 5, சனி

வளையல் துண்டுகளைச் சோப்புத் தண்ணீரில் ஊறப் போட்டேன். தண்ணீர் பழுப்பானது. கண்ணாடி சாயம் போகாது. காய்ந்த ரத்தம் எப்படிக் கரையும் என்று எனக்குத் தெரியாதா?

வேலை செய்கிற கை, வளையல் உடையும், கீறும். அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். நினைக்க விரும்பினேன் என்று எழுதுவதே சரி.

கட்டையில் பள்ளம் எடுத்து, சிவப்பும் பச்சையும் மாற்றி மாற்றி மீன் செதில் போல அடுக்கினேன். ரெசின் ஊற்றியாயிற்று. அழகு. இதுவரை செய்ததில் இதுதான் அழகு.

மண்ணெண்ணெய் அடுப்புத் திரி வாங்க வேண்டும். அம்மாவுக்கு போன் போடவில்லை.

ஜூலை 7, திங்கள்

கூட்டம். நாய்க்கடி, வயிற்றுப்போக்கு, பாதிப் பேருக்குச் சளி. மருந்து ஜன்னல் தாழ்வானது. எனக்கு முகம் தெரியாது, கைகள்தான் தெரியும். பதினோரு மணி வாக்கில் ஒரு கை. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கட்டு. கட்டுக்குக் கீழே புது வளையல், கடைப் பளபளப்புடன். டாக்டர் சீட்டில் கண்ணாடிச் சில்லு எடுத்ததாக எழுதியிருந்தது. குனிந்து பார்த்தேன். காளி.

ஸ்டோர் ரூமுக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தேன்.

“தொவைக்கற கல்லுல உழுந்துட்டனுங்க.”

கட்டின் முடிச்சைச் சரிசெய்தேன். அவளே தொடர்ந்தாள்:

“அவரு ஓங்குனா கையத்தான் முன்னால நீட்டுவேன். மூஞ்சில பட்டா சந்தைக்குப் போவ முடியாதில்லீங்க.”

“அந்த வளையலை ஏன் என்கிட்ட கொடுத்தே?”

“தெனமும் அவரு கையில இருக்கட்டும்னுதானுங்க.”

மாத்திரையை எப்படிச் சாப்பிட வேண்டும் என்று சொன்னேன். “யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்கக்கா” என்றாள். தலையாட்டினேன்.

ஜூலை 9, புதன்

மழை விட்டது. பிடியை உப்புத்தாளால் தேய்த்து, மெழுகு போட்டு, ரிவிட் அடித்து முடித்தேன். கொடுக்க மனமில்லை. மாலையில் அவரே வந்தார், பாதிப் பலாப்பழத்தோடு.

“காளி வளையலுங்களா? அட! மீன் செதிலாட்டம் இருக்குதுங்க!” பெருவிரலால் தடவினார். மடக்கினார், திறந்தார், மறுபடி மடக்கினார். முகமெல்லாம் சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்தைப் பார்க்கப் பொறுக்கவில்லை. கேட்டுவிட்டேன்.

“இத்தனை வளையலும் எப்படி உடைஞ்சுதுங்கண்ணா?”

கத்தியை இடுப்பில் செருகினார்.

“அவ சொன்னாளுங்களா?”

“இல்லைங்க. கையைப் பார்த்தேன்.”

“குடியிருக்க ஊடு குடுத்திருக்கறனுங்க. எங்கூட்டு நாயம் பேசறதுக்கு இல்லீங்க.” குரல் உயரவில்லை. அத்தனை மரியாதை. போய்விட்டார்.

பலாப்பழத்தை வெட்டவில்லை. ஈ மொய்க்கிறது.

பக்கத்து வீட்டில் சத்தம். பாத்திரம் உருள்கிறது. போகிறேன்.

ஜூலை 10, வியாழன். நாமக்கல், பெரிய ஆஸ்பத்திரி

வராந்தா பெஞ்ச். வெயில். மலையிலிருந்து கீழே இறங்கினாலே எப்போதும் இந்த வெயில்.

நேற்று கதவு உள்ளே தாழ். தட்டினேன், கத்தினேன். எதிர் வீட்டார் வாசலுக்கு வந்தார்கள், இறங்கவில்லை. கடைசியில் அவரே திறந்தார். என்னைத் தாண்டிக் காட்டுப் பக்கம் நடந்தார். காளி அடுப்படியில். வலது முன்கை மூட்டு இல்லாத இடத்தில் மடங்கியிருந்தது. பக்கத்தில் விறகுக் கட்டை.

அட்டை வைத்துக் கட்டினேன். ஆம்புலன்ஸ். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் அவள் உடம்பு சரிந்தது. கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தேன். அடிவாரத்தில் காரவள்ளி தாண்டி ரோடு நேரான பிறகுதான் வாய் திறந்தாள்.

“இத்தன வருசம் நான் சமாளிச்சுட்டு வந்தனுங்க. ஏனுங்கக்கா கேட்டீங்க?”

நழுவிய போர்வையை இழுத்துவிட்டேன்.

காலையில் போலீஸ்காரம்மா வந்து கேட்டார்: “எப்படிம்மா அடிபட்டுச்சு?” காளி சுவரைப் பார்த்தாள். வழுக்கி விழுந்தேன் என்று சொல்லப்போகிறாள் என்றே நினைத்தேன். நான் சொல்லியிருக்கலாம். வாயை மூடிக்கொண்டிருந்தேன். இந்தத் தடவையாவது.

“எம் புருசன் வெறகுக் கட்டையில அடிச்சாருங்க. மொதத் தடவ இல்லீங்க.”

எழுதிக்கொண்டார். நாளை ஆபரேஷன், பிளேட் வைப்பார்களாம். காரவள்ளியிலிருந்து அவள் அண்ணன் வந்திருக்கிறார்.

ஜூலை 13, ஞாயிறு

மலைக்குத் திரும்பினேன். என் சாமான் எல்லாம் வாசலில், மழையில். அரம், உப்புத்தாள், ரெசின் டப்பா, பைபிள், பாய். ஆஸ்பத்திரி பின்னால் பூட்டிக்கிடந்த குவார்ட்டர்ஸ் அறையை டாக்டர் திறந்துவிட்டார். ஒழுகுகிறது. சர்ச்சுக்குப் போகவில்லை.

ராசப்பனை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு, எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்களாம். கேஸ் இருக்கிறதாம். ஆளும் இருக்கிறார். சோளக்காட்டில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது பார்த்தேன். பலாப்பழம் பிளந்து சுளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார், அந்தக் கத்தியால். சுற்றிலும் ஆட்கள். பிடியைக் காட்டினார். ஒருவர் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அதே ஆள் சாயங்காலம் தேடி வந்துவிட்டார்.

“ஏனுங்க மருந்தம்மா, எனக்கும் அந்த மாதிரி ஒண்ணு போட்டுத் தாரீங்களா? வளையலு நானே கொண்டாறனுங்க.”

ரெசின் தீர்ந்துவிட்டது என்றேன்.

ஜூலை 16, புதன்

காற்று. தகரம் படபடக்கிறது. ஜன்னலுக்கு வருகிறவர்கள் சீட்டை நீட்டுகிறார்கள், மருந்தை வாங்குகிறார்கள், பேச்சில்லை. “இவதான் குடும்பத்தப் பிரிச்சவ” என்று வரிசையில் ஒரு குரல். முகம் தெரியவில்லை.

ஒவ்வொரு கையையும் பார்க்கிறேன் இப்போது. பார்க்காமல் இருக்க முடியவில்லை.

ஜூலை 19, சனி

லீவு போட்டுக் காரவள்ளி போனேன். அண்ணன் வீடு ரோட்டோரம், லாரி போனால் அதிர்கிறது. அண்ணன் மரியாதையாக நாற்காலி போட்டார்.

“ஆடி முடியட்டுமுங்க, பேசி அனுப்பி வெச்சரலாம். எத்தன நாளைக்குத்தான் இங்கயே வெச்சுக்கறது?”

உள்ளேயிருந்து காளி: “நான் போவலீங்கண்ணா.”

அவர் தரையைப் பார்த்தார். ஒரு லாரி போனது.

உள்ளே போனேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கை மாவுக்கட்டில். தலை வாரி எத்தனையோ நாள், சடை பிடித்து முடிச்சு முடிச்சாக. அண்ணிக்கு நேரமில்லையாம். இடது கையால் வார வரவில்லையாம்.

சீப்பு எடுத்தேன். தலையை நகர்த்திக்கொண்டாள்.

“உங்க மேல கோவம் இன்னும் போவலீங்க.”

“சரி காளி.”

“போவுமான்னும் தெரியலீங்க.”

“சரி.”

பிறகு என் பக்கம் முதுகைத் திருப்பி உட்கார்ந்தாள். நுனியிலிருந்து சிக்கெடுக்க ஆரம்பித்தேன்.