அறிவியல் அறையைப் பூட்டவைத்தவனே திறக்கக் கேட்கும் மனு

அனுப்புநர்:
சு. ஊர்க்காவலன் (வயது 74),
நடுத்தெரு, ஊத்துக்காட்டுப்பட்டி,
வெம்பக்கோட்டை வழி.

பெறுநர்:
மாவட்டக் கல்வி அலுவலர் அவர்கள்,
விருதுநகர் மாவட்டம்.

பொருள்: எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியில் நின்றுபோன அடர்த்திச் சோதனை – அதற்குக் காரணமான என் புகாரைத் திரும்பப் பெறுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பட்டாசுக் கம்பெனியில் முப்பத்தொரு வருடம் வெடிமருந்து கலந்தவன். ஆவணி மூன்றாம் தேதி செவ்வாய்க்கிழமை, பேத்தி அழகுமீனா மறந்துவிட்டுப் போன நோட்டைக் கொடுக்கப் பள்ளிக்குப் போனேன். அறிவியல் அறையில் ஏழாம் வகுப்புக்கு நசிமா டீச்சர் கண்ணாடி டம்ளரில் கீழே சிவப்பு, நடுவில் பச்சை, மேலே மஞ்சள் என்று எதையோ ஊற்றி வைத்திருந்தார். இருபத்தாறு பிள்ளைகளும் அதைச் சுற்றி நின்றார்கள்.

2. கம்பெனியில் மருந்துக் கலவை அறைக்குள் நான்கு பேருக்கு மேல் நிற்கக் கூடாது. 1991 மாசியில் ஆறு பேர் நின்றோம். வெளியே வந்தது இரண்டு பேர். டம்ளரில் இருப்பதும் மருந்துதான் என்று நினைத்து, வாசலில் இருந்த தீயணைப்பு வாளியிலிருந்து இரண்டு கை மணலை அள்ளி டம்ளரில் போட்டேன். டீச்சர் திட்டவில்லை. "தாத்தா, மணல் மூணையும் தாண்டி அடியில போயிருச்சு, பாத்தீகளா?" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பள்ளியில் மருந்து கலக்கிறார்கள் என்று அன்றே புகார் எழுதச் சொல்லி ரேகை வைத்தேன்.

3. அதன்பேரில் அறை பூட்டப்பட்டது. டீச்சரிடம் விளக்கம் கேட்டுக் கடிதமும் வந்துள்ளது. "ஒம்ம ரேகையால எங்க கிளாஸே போச்சு தாத்தா" என்ற அழகுமீனா, பதினெட்டு நாளாக என்னிடம் பேசவில்லை.

4. டம்ளரில் இருந்தது சாயம் சேர்த்த தேன், தண்ணீர், எண்ணெய் என்று பிறகு விசாரித்து அறிந்தேன். வீட்டில் நானே கெட்டிக் கருப்பட்டிப் பாகு, தண்ணீர், நல்லெண்ணெய் ஊற்றிப் பார்த்தேன். எண்ணெயை முதலில் ஊற்றினாலும் அது மேலேதான் வந்தது. ஆணி அடிக்குப் போனது, புளியங்கொட்டை பாகின்மேல் நின்றது, தீக்குச்சி மிதந்தது. சூடு இல்லை, புகை இல்லை. மருந்து கலந்த கை சொல்கிறது: இதில் ஆபத்து எதுவும் கிடையாது.

5. எதோடு எது சேர்ந்தால் என்ன ஆகும் என்று எங்களுக்கு ஒருவரும் காட்டவில்லை. கலக்கு என்றார்கள், கலந்தோம். டீச்சர் காட்டுகிறார்.

ஆகவே என் புகாரைத் தள்ளுபடி செய்து, டீச்சருக்கு அனுப்பிய கடிதத்தை ரத்துசெய்து, அறையைத் திறக்க உத்தரவிடுங்கள். சந்தேகம் இருந்தால் கூப்பிடுங்கள். டம்ளரோடு வந்து தங்கள் மேசையிலேயே ஊற்றிக் காட்டுகிறேன்.

இடம்: ஊத்துக்காட்டுப்பட்டி
நாள்: 15.09.2025

இப்படிக்கு,
சு. ஊர்க்காவலன்
(இடது பெருவிரல் ரேகை – முந்தைய புகாரில் வைத்த அதே விரல்)

சொல்லச் சொல்ல எழுதி, வாசித்துக் காட்டியவர்:
அழகுமீனா, ஏழாம் வகுப்பு