கிண்ணத்தில் போட்ட சீனி

ராத்தா,

இன்று நோன்புப் பெருநாள். காலையில் உங்கள் வீட்டுக்காரர் ஏறாவூரிலிருந்து சைக்கிளில் வட்டிலப்பம் கொண்டுவந்தார். மூடியைத் திறந்தபோது எழுந்த ஏலக்காயும் கருப்பட்டியும் கலந்த வாசம் இன்னும் குசினியை விட்டுப் போகவில்லை. உங்கள் மகள் செய்ததாம். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் உங்கள் கைப்பக்குவம் இல்லை. ஒரு கரண்டிக்கு மேல் எனக்கு இறங்கவில்லை.

ஊரே முடங்கிக் கிடந்த அந்த மாதங்களில் உங்கள் தையல் மெஷின் மட்டும் ஓயவில்லை. மிஞ்சிய சட்டைத் துணியில் மாஸ்க் தைத்து, உங்கள் ஊருக்கும் எங்கள் ஊருக்கும் நடுவே கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று, கம்பு நுனியில் கொளுவி நீட்டினீர்கள். நான் போட்டுக் காட்டியதும், "என்னகா, வாய மூடிட்டு மூக்கத் திறந்து வெச்சிரிக்காய்" என்று ஏசினீர்கள். காவலுக்கு நின்ற பொலிஸ்காரரும் சிரித்துவிட்டார். உங்கள் ஆட்களால்தான் கொரோனா பரவுகிறது, அவர்களிடம் எதையும் வாங்காதே என்று எங்கள் பக்கத்தில் சிலர் சொன்னார்கள். உங்கள் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டே அவர்கள் முன்னால் வாய் திறக்காமல் நின்றேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

பிறகு உங்களுக்கே காய்ச்சல் வந்தது. கொரோனாவில் யார் இறந்தாலும் எரிக்க வேண்டும் என்பது அப்போது சட்டம். புதைத்தால் கிருமி நிலத்தடித் தண்ணீரில் கலந்துவிடும் என்றார்கள். மற்ற நாடுகளில் புதைக்கிறார்களே என்று கேட்டவர்களின் பேச்சு எடுபடவில்லை. அந்தப் பயத்தில் உங்கள் வீட்டில் காய்ச்சலை மறைத்தார்கள். எனக்கு மட்டும் போன் எடுத்தீர்கள். சொல்லுக்குச் சொல் மூச்சு வாங்கியது.

"ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டன் புள்ள. மௌத்தாகினா எரிச்சிப் போடுவானுகள். எனக்கு மண்ணு வேணும்."

செத்த பிறகு எரித்தாலென்ன, புதைத்தாலென்ன, தெரியவா போகிறது என்றேன். பகிடியாகத்தான் சொன்னேன். நீங்கள் சிரிக்கவில்லை. என் அம்மாவை நாங்களும் மண்ணில்தான் வைத்தோம், ராத்தா. அவளை எரிக்க யாராவது கட்டளை போட்டிருந்தால் நான் விட்டிருப்பேனா?

போனை வைத்ததும் சுகாதாரப் பரிசோதகருக்குத் தகவல் சொன்னது நான்தான். ஒட்சிசன் கொடுத்தால் பிழைத்துவிடுவீர்கள் என்று நம்பினேன். அரை மணித்தியாலத்தில் அம்புலன்ஸ் வந்து உங்களை ஏற்றிப் போனது. மூன்றாம் நாள் எல்லாம் முடிந்தது. குளிப்பாட்டவில்லை, கபன் துணி சுற்றவில்லை. சாம்பலை வாங்க வரச் சொன்னபோது உங்கள் வீட்டுக்காரர் போகவில்லை.

சில கிழமைகளில் சட்டம் மாறி, ஓட்டமாவடியில் புதைக்க அனுமதித்தார்கள். பொலன்னறுவை பஸ்ஸில் அந்த ஊரைக் கடக்கும்போதெல்லாம் நான் தலையைக் குனிந்துகொள்கிறேன்.

வந்த கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கும் பழக்கம் நம் இரண்டு வீட்டிலும் இல்லை. ஒவ்வொரு பெருநாளும் போல இன்றும் கழுவித் துடைத்துச் சீனி போட்டு, வாசல் படலையடியில் நின்ற உங்கள் வீட்டுக்காரரிடம் கொண்டுபோனேன். இந்த முறை சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. "நானா, அண்டைக்கு ராத்தாவப் பத்தி..." என்று தொடங்கினேன். கிண்ணம் சாய்ந்து சீனி கொஞ்சம் நிலத்தில் சிந்தியது.

அவர் கிண்ணத்தை வாங்கி மூடினார்.

"தெரியும் தங்கச்சி. அவட போன்ல கடைசியா இரிந்தது உன்ட நம்பர்தானே. அவ புழைக்கோணுமெண்டுதானே சொன்னாய்."

சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். இத்தனை பெருநாளும் எல்லாம் தெரிந்துகொண்டே எனக்கு வட்டிலப்பம் கொண்டுவந்திருக்கிறார்.

அவர் மன்னித்துவிட்டார். ஆனால் என் காதில் இன்னும் உங்கள் மூச்சுத்தான் கேட்கிறது. நீங்கள் என்னிடம் கேட்டது மண் மட்டும்தான், ராத்தா. அதைக்கூட உங்களுக்குக் கிடைக்காமல் செய்துவிட்டேன்.