முகத்துக்குக் காப்புக் கட்டிய கோச்சேந்தர், நீலவரை வேந்தருக்கு விடுத்த ஓலை

மங்கலம் பெருகுக, மழை பருவம் தப்பாது பெய்க, நீலவரை நாட்டு மலைகளில் தேனும் மன்றங்களில் நீதியும் மாடங்களில் விளக்கும் என்றும் குறையாதிருக்க. ஏழருவிக்கு இறைவரும், மதம் கொண்ட யானையைக் காதைப் பிடித்து நிறுத்தியவரும், சொன்ன சொல் மாறாதவரும், சினம் வந்தால் மட்டும் சற்று நேரம் யார் சொல்லும் கேளாதவருமாகிய வேந்தர் பெருஞ்சாத்தனார் திருமுன்னர்க்கு, வேங்கைநாடுடையார் கோச்சேந்தர் திருவாய்மொழிந்தபடி அவர்தம் அமைச்சன் கணவதி நக்கன் எழுதும் ஓலை. தேவியார் நலமா, இளவரசர் நலமா, தங்கள் முழங்கால் வலி பனிக்காலத்தில் படுத்துகிறதா என்று எங்கள் வேந்தர் முதற்கண் வினவுகிறார்.

தாங்கள் மார்கழியில் விடுத்த ஓலை வந்து சேர்ந்தது. பெண் கேட்டு வந்த தங்கள் தூதர் வயிராவணனார்க்கு எங்கள் அவையில் நேர்ந்த அவமதிப்பிற்குத் தைப்பூசத்துக்குள் தக்க விடை வராவிடில், இளவரசர்க்கு வேறிடத்தில் பெண் பார்ப்பதாக அதில் கண்டிருந்தது. தக்க விடை இதுவே. இதில் எதையும் ஒளிக்கலாகாது, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் அமைச்சுத்தொழிலை இந்த ஓரோலைக்கு மட்டும் நிறுத்திவை என்று வேந்தர் ஆணையிட்டிருப்பதால், நக்கன் உள்ளதை உள்ளபடி எழுதுகிறான். படிக்கையில் தாங்கள் சிரிக்க நேர்ந்தால் சிரித்துக்கொள்ளலாம் என்பதும் வேந்தர் வாக்கு.

எங்கள் வேந்தரின் குணம் நாடறிந்தது. மகிழ்ந்தால் மாலையைக் கழற்றி யானைக்குப் போடுவார். வெகுண்டால் அந்த யானையையே ஏசுவார். சென்ற ஐப்பசியில் குறுவை நெல் களத்தில் கிடக்கையில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. வேந்தர் மேல்மாடத்தில் ஏறி நின்று மேகத்தைப் பெயர் சொல்லித் திட்டினார். அது போதாதென்று வில்லாளரை அழைத்து வானத்தை எய்யச் சொன்னார். எய்த அம்பு மேலேயா தங்கும்? ஒன்று வெண்கொற்றக் குடையில் தைத்தது. இன்னொன்று நக்கனின் தலைப்பாகையில் தைத்தது. நக்கன் அதைப் பிடுங்கி, வணங்கி, உரியவரிடம் திருப்பிக் கொடுத்தான்.

குடையில் விழுந்த ஓட்டையைப் பார்த்ததும் வேந்தர்க்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மழை கொடுக்கும், மழை கெடுக்கும். அதற்கெல்லாம் இப்படித் தாண்டிக் குதிப்பவன் ஓர் அரசனா என்று தம்மையே நொந்துகொண்டு, சிவன் கோயில் வன்னிமரத்தடியில் இருக்கும் துறவி நிராமய அடிகளிடம் போய் விழுந்தார். அடிகள் சொன்னது எளிய காரியந்தான்: வைகறையில் எழுக; மூச்சைக் கவனித்து அமர்க; ஐந்தெழுத்தை உள்ளே ஓதுக; அரை வயிறு உண்க; செய்ய வேண்டியதைச் செய்து, விளைவதை ஈசன் திருவடியில் வைத்துவிடுக; மனம் மெல்ல மெல்லத் தெளியும், மனம் தெளிந்தால் முகமும் தெளியும்.

இதில் வேந்தர் பிடித்துக்கொண்டது கடைசிச் சொல்லை. மனம் எங்கோ ஆழத்தில் கிடக்கிறது, அதைப் பிடிக்க நாளாகும். முகம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, அங்கிருந்து தொடங்கினால் வேலை விரைவில் முடியும் என்று அவர் கணக்கிட்டார். கார்த்திகை முதல் நாள் கையில் மஞ்சள் காப்பு ஏறியது. ஒரு மண்டலத்துக்கு இன்பத்திலும் துன்பத்திலும் முகம் அசையாது என்று சங்கல்பம் செய்தார்.

அவர் ஒருவரோடு போயிருந்தால் நாடு தப்பியிருக்கும். வேங்கைநாட்டில் அரசர் காப்புக் கட்டினால் அரண்மனை முழுவதும் கட்ட வேண்டும் என்பது பாட்டன் பூட்டன் காலத்து வழக்கம். அம்மன் திருவிழாவில் அரண்மனையே மீன் துறப்பதும் மழிக்காதிருப்பதும் அப்படித்தான். ஆகவே அமைச்சர், படைத்தலைவர், மடைப்பள்ளியார், பல்லக்குச் சுமப்போர், இளவரசியார் பூவணத்தாள் உட்பட எல்லாக் கையிலும் காப்பு ஏறியது. எல்லா முகமும் அசைவற்றிருக்கிறதா என்று பார்க்க ஒரு முகக்காவல் வேண்டியதாயிற்று. அதற்கு வாயிற்காவலன் கொற்றன் வடுகனை அமர்த்தினார்கள். அவன் பிறந்ததிலிருந்தே சிரித்ததில்லை என்று பெற்ற தாயே சொல்லுவாள். சிரித்தவரும் அழுதவரும் முகம் சுளித்தவரும் கோயில் நந்தவனத்தில் ஒரு பொழுது ஏற்றம் இறைக்க வேண்டும் என்பது தண்டனை. அந்தக் கார்த்திகையில் நந்தவனம் செழித்ததுபோல் ஒருநாளும் செழித்ததில்லை.

அதன்பின் அரண்மனையில் நடந்ததை எழுத நக்கனுக்கே கூசுகிறது. மடைப்பள்ளித் தலைவன் ஒருநாள் கறியில் உப்பை மறந்தான். வேந்தர் அசையாமல் உண்டார். எல்லோரும் அசையாமல் உண்டார்கள். மறுநாள் அவன் வேண்டுமென்றே பிடிபிடியாய் அள்ளிப் போட்டான். அதையும் அசையாமல் உண்டார்கள். என் சமையலை மனிதர்தாம் உண்கிறாரா என்று அவன் மனம் உடைந்து அழுதான், அழுததற்காக ஏற்றத்துக்குப் போனான். பட்டத்து யானை கன்று ஈன்றது. பாகன் அந்த நற்செய்தியை இழவு சொல்ல வந்தவன்போல் தலை குனிந்து சொல்லிவிட்டுப் போனான். நக்கனுக்குப் பேரன் பிறந்த செய்தி அவை நடுவே வந்தது. அவன் சரி என்று தலையசைத்து, நெல்வரி வழக்கைத் தொடர்ந்து கேட்டான். வீட்டுக்குப் போன பிறகு அவன் மனையாள் கொடுத்த வரவேற்பு இவ்வோலைக்கு அப்பாற்பட்டது.

வேந்தருக்கோ உள்ளூர ஒரே பெருமை. ஆளில்லாத நேரத்தில் வெண்கலக் கண்ணாடியில் தம் முகத்தைப் பார்ப்பார். சலனம் இல்லை என்று கண்டு, இத்தனை விரைவில் இத்தனை முதிர்ச்சியா என்று தமக்குள்ளே வியந்து கொள்வார். தாம் எதற்கும் பூரிப்பதில்லை என்று பூரித்துப் போயிருந்தார். இதை அவரே நக்கனிடம் சொல்லி, விடாமல் எழுது என்றார்.

அந்த நாளில்தான் வயிராவணனார் வந்தார். தேன்குடமும் பட்டும் தாழம்பூவுமாகத் தட்டுகளை வரிசையாக வைத்து, மணிமணியாகப் பேசி, எங்கள் பெண்ணைத் தங்கள் மகனுக்குக் கேட்டார். வேந்தே, இந்தச் சம்பந்தத்துக்கு எங்கள் கோச்சேந்தர் எத்தனை கோயிலில் நேர்ந்துகொண்டிருந்தார் என்பது தங்களுக்குத் தெரியாது. ஏழருவித் திருவிழாவில் இளவரசரைப் பார்த்த நாள்முதல் மகள் மனம் எங்கிருக்கிறது என்று தகப்பன் அறிவார். கேட்ட கணத்தில் நெஞ்சு துள்ளியது. எழுந்து தூதரைக் கட்டிக்கொள்ளக் கை பரபரத்தது. ஆனாலும் இதுவன்றோ சோதனை, இதில் வென்றால் எல்லாம் வென்றேன் என்று எண்ணி, இடித்த புளிபோல் உட்கார்ந்திருந்தார். பயிற்சிக்கென்று நாள்தோறும் சொல்லிப் பழகியிருந்த சொல்லே வாயில் வந்தது: வந்தால் வரட்டும், போனால் போகட்டும்.

அரசர் அவையில் சொன்னதை அவையோர் ஒரே குரலில் திருப்பிச் சொல்வது எங்கள் வழக்கம். வந்தால் வரட்டும், போனால் போகட்டும் என்று அவை முழுவதும் முழங்கியது. வயிராவணனார் மீசை துடித்தது. மணம் பேச வந்தோமா, இழவு வீட்டுக்கு வந்தோமா என்று கேட்டபடி விருட்டென்று திரும்பியவர், பளிங்குப் படியில் சறுக்கி விழுந்தார். ஐயோ என்று சொல்ல அங்கே ஒரு வாய் இல்லை. தூக்கிவிட ஒரு கை எழவில்லை. நக்கனும் நின்றான், நின்றதற்கு இன்றும் வெட்கப்படுகிறான். அவர் தாமே எழுந்து, தாமே தட்டுகளை எடுப்பித்துக்கொண்டு போனார். அன்று மாலையும் எங்கள் வேந்தர் கண்ணாடி பார்த்தார்.

பிறகு தங்கள் ஓலை வந்தது. சம்பந்தம் முறியப்போகிறது என்று படித்தபோதும் வேந்தரின் முகம் அசையவில்லை. அதே முகத்தோடு அந்தப்புரம் போய் மகளிடம் செய்தியைச் சொன்னார். பூவணத்தாள் பூத்தொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் முகமும் அசையவில்லை. “வந்தால் வரட்டும், போனால் போகட்டும் அப்பா” என்றாள். கூடையில் பூ தீர்ந்து போயிருந்தது. அவள் விரல்கள் வெறும் நாரில் முடிச்சுமேல் முடிச்சாகப் போட்டுக்கொண்டே இருந்தன.

அந்த விரல்களைப் பார்த்ததும் கோச்சேந்தர்க்கு, தாம் பாடம் கற்கப் போய்ப் பெற்ற மகளின் வாயைக் கட்டிவிட்டோம் என்பது உறைத்தது. அவர் அழுதார், வேந்தே. அரசர் அழுவதுபோல் அல்ல. தகப்பன்மார் அழுவதுபோல் வாய்விட்டு அழுதார். மகளும் அவர் தோளில் விழுந்து அழுதாள். கேட்டு ஓடிவந்த தோழியர் எதற்கென்று தெரியாமலே சேர்ந்து அழுதார்கள்.

கொற்றன் வடுகன் வந்துவிட்டான். கடமை கடமைதானே, காப்புக் கட்டிய கை யாருடையது என்று அவன் பார்ப்பவனல்லன். மகளும் தோழியரும் அழுததற்கான தண்டனையும் தமதே என்று சொல்லி, வேந்தர் மேலாடையைக் கழற்றி வைத்துவிட்டு நந்தவனத்துக்கு நடந்தார்.

தங்கள் மலைநாட்டில் அருவி இருப்பதால் ஏற்றம் அதிகம் இராது. கிணற்றின்மேல் நீண்ட மரம் ஒன்று கிடக்கும். அதன்மேல் ஆள் முன்னே நடந்தால் நீர் மொள்ளும் சால் கிணற்றில் இறங்கும்; பின்னே நடந்தால் சால் நீரோடு ஏறும். வேந்தர் ஏறியதும், முகத்தைக் காத்ததுபோலவே உடம்பையும் காக்க எண்ணி, மரத்தின் நடுவில் அசையாமல் நின்றார். சால் இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை. வில்வம் பறிக்க வந்த நிராமய அடிகள் அந்தக் கோலத்தைக் கண்டு, உருத்திராக்கம் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். சிரித்தது குற்றம் என்று வடுகன் அவரையும் பிடித்துச் சால் கவிழ்க்க நிறுத்தினான்.

அடிகள் உபதேசம் ஒன்றும் செய்யவில்லை. செடிக்குத் தண்ணீர் வரவில்லையே, முன்னும் பின்னும் நடவும் என்று மட்டும் சொன்னார். வேந்தர் நடந்தார். முன்னே ஓரெழுத்தும் பின்னே ஓரெழுத்துமாக ஐந்தெழுத்தை ஓதிக்கொண்டு, மகளை நினைத்துக் கண்ணீர் வழிய வழிய நடந்தார். விழாமல் போகவும் விழாமல் வரவும் கால் பழகப் பழக, மூச்சு ஒழுங்குக்கு வந்தது. மூச்சின் பின்னாலே மனமும் வந்து படிந்தது. அழுகை நிற்காத போதே உள்ளே ஓர் அமைதி இருந்தது என்றும், ஒரு மாதமாய்க் கண்ணாடியில் தேடியது அதுவன்று என்றும் அவர் பின்னர் சொன்னார். போகவும் வரவும் தெரிந்தவனுக்குத்தான் நடு தெரியும். நடுவிலேயே நட்டுவைத்த கம்பத்துக்குத் தெரிய என்ன இருக்கிறது?

மறுநாளே எல்லோர் காப்பும் அவிழ்ந்தது; வேந்தர் தம்முடையதை மட்டும் அவிழ்க்கவில்லை. முகக்காவல் கலைக்கப்பட்டது. வைகறையில் எழுகிறார், அமர்கிறார், ஓதுகிறார், அரை வயிறு உண்கிறார். சினம் வந்தால் ஏற்றத்துக்குப் போய்விடுகிறார். சென்ற கிழமை பெரிய ஏரிக் கரை உடைந்த செய்தி வந்தபோது எழுதத் தகாத சொல் ஒன்று உரக்கவே வந்தது. பிறகு கண்மூடி ஐந்தெழுத்தை ஓதினார், மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனார். யாரையும் அடிக்கவில்லை, வானத்தையும் எய்யவில்லை. இந்நாட்டில் இது சிறிய செய்தி அன்று.

இனி வேந்தர் தம் வாயால் சொன்னது. நக்கன் ஓரெழுத்தும் கூட்டவில்லை. வயிராவணனார் காலில் விழுந்து பொறுத்தருளக் கேட்கக் கோச்சேந்தர் தாமே வரச் சித்தமாயிருக்கிறார். இந்தச் சம்பந்தம் அவருக்கு வேண்டும். மகளுக்காக வேண்டும், தமக்காகவும் வேண்டும். வேண்டும் என்று கேட்பது அவர் கடமை. தருவது தங்கள் மனமும் ஈசன் அருளும். தாங்கள் இல்லையென்றால் அவர் அழுவார், இளவரசியும் அழுவாள், மறைக்கமாட்டார்கள். ஆனால் எல்லைக் கால்வாயில் தங்கள் அடிவார ஊர்களுக்குப் போகும் நீர் ஒரு நாழிகையும் நிற்காது. இரு நாட்டுக்கும் இடையே ஒரு கடுஞ்சொல்லும் பிறக்காது.

இவ்வோலை வேங்கைப்பூ இலச்சினையிட்டு முடிந்தது. அறம் நிற்க, அன்பு தழைக்க, ஈசன் திருவருள் இரு குடிக்கும் நிழலாகுக. எல்லைக் காவலர்க்கும் மடைப்பள்ளியார்க்கும் வேந்தரிட்ட ஆணையும் தாங்கள் அறிய இதன்கீழ் எழுதப்பட்டது: நீலவரையிலிருந்து மறுமொழி கொண்டுவருபவன் எவனாயினும் அவனை வாயிலில் நிறுத்தி ஓலையில் என்ன இருக்கிறதென்று கேளாதீர்கள், முதலில் கால் கழுவ நீர் கொடுத்து, இலை போட்டு, வயிறார விருந்திடுங்கள், அவன் கை கழுவிய பிறகே நாம் ஓலையைப் பிரிப்போம்.